யாருமில்லை வந்தாச்சா?

ரெண்டு வருடத்துக்கு முன்னால் ஒத்தக்கடையில் நடந்தது. எங்கள் பங்குக் கோயிலிலிருந்து வருடா வருடம் வேளாங்கண்ணிக்கு ஒரு பஸ் போகும். பேர் கொடுக்கிற நாளில் ஜன்னல் சீட்டுக்காகப் பெரிய சண்டையே நடக்கும்.

இந்தத் தடவை எல்லாம் ஆன்லைனில் என்று நானே வலியப் போய்த் தலையைக் கொடுத்தேன். உண்மையைச் சொன்னால், மனைவி பிரிந்து போனதிலிருந்து ஆபீஸ் விட்டு வந்தால் வீட்டில் டிவி சத்தம் மட்டும்தான். பொழுதைத் தள்ள ஒரு வேலை வேண்டியிருந்தது. எனக்குப் புரோகிராம் எழுதத் தெரியாது. ஆனால் கட்டங்களை இழுத்துப் போட்டாலே பதிவுப் பக்கம் தயாராகிவிடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். பத்து நாள் சாயங்காலம் அதோடு மல்லுக்கட்டினேன். குடும்பமாகப் பேர் கொடுக்கலாம், சீட் தானாகவே ஒதுக்கப்படும், மெசேஜும் தானாகப் போகும். யாரும் யாரிடமும் பேசவே வேண்டாம் என்று பெருமையடித்துக்கொண்டேன். சீட்டெல்லாம் ஜோடி ஜோடியாக இருப்பதால், குறைந்தது இரண்டு பேர், உடன் வருபவர் பெயர் கட்டாயம் என்று ஒரு விதியும் போட்டேன்.

கிளம்புகிற அன்று காலையில் பஸ்ஸில் ஏறி, போனைப் பார்த்து மைக்கில் பேர் வாசித்தேன். நிறைய பேர் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தார்கள். பொருளையெல்லாம் கவனிக்காமல் கடகடவென்று வாசித்துக்கொண்டே போனேன்.

"யாருமில்லை... யாருமில்லை வந்தாச்சா?"

பஸ்ஸே சிரித்தது. பின்னாலிருந்து ஒரு குரல், "அண்ணே, யாருமில்லைங்கிறீக, பெறகு யாரைத் தேடுறீக?" என்றது. நானும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன்.

அப்போது ஜன்னலோரம் இருந்த ஒரு அம்மா எழுந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும்.

"தம்பி, அது பேரு இல்ல. கூட வாரது யாருன்னு கேட்டுச்சு. எழுதாம விட்டா அடுத்த பக்கம் போகல. அதான் யாருமில்லைன்னு போட்டேன். தப்பா?"

சிரிப்பு பொசுக்கென்று நின்றது. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. இல்லைம்மா என்று மட்டும் சொன்னேன்.

டீ குடிக்க நிறுத்தியபோது அவராகவே வந்து போனைக் காட்டினார். அவர் பேரையும் 'யாருமில்லை'யையும் சேர்த்து வாழ்த்தி, உங்கள் இருவருக்கும் இடம் உறுதி என்று என் சிஸ்டம் அனுப்பிய மெசேஜ். "ஒரு சீட்டு போதும், இன்னொண்ண யாருக்காச்சும் குடுங்கன்னு சொல்லலாம்னு நம்பர் தேடுனேன். எங்கயும் இல்லையே தம்பி" என்றார். நான்தான் நம்பரே போடவில்லையே! அவர் பக்கத்துச் சீட் வேளாங்கண்ணி வரை காலியாகவே வந்தது. போய் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசியிருக்கலாம். டிரைவர் பக்கத்திலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அந்த விதியை எடுத்தேன். ஒரே ஒரு கிளிக்தான். அடுத்த வருடம் பதினோரு பேர் தனியாகப் பேர் கொடுத்திருந்தார்கள். ஒரே பங்கில் இத்தனை பேரா என்று மலைத்துப்போனேன். அந்த அம்மாவின் பேர் மட்டும் வரவில்லை. அவர் நம்பர் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு பஸ் ஆட்களுக்கும் ஒரே நொடியில் மெசேஜ் அனுப்பத் தெரிந்த எனக்கு, அந்த ஒருவரைக் கூப்பிட்டு எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க இன்றுவரை தைரியம் வரவில்லை.