தையல்காரரின் விரல்

தையல்காரர் கையை இழுத்துப் போர்வைக்குள் ஒளித்துக்கொண்டார்.

"வேண்டாம் சிஸ்டர். நீங்க குத்தினா சாயங்காலம் வரைக்கும் வலிக்குது."

"சாப்பாட்டு வண்டி வந்துட்டிருக்கு ஐயா. சர்க்கரை எவ்வளவுன்னு தெரியாம எப்படி இன்சுலின் போடறது?"

"சின்ன சிஸ்டர் வரட்டும்."

பக்கத்துக் கட்டில்காரர் களுக்கென்று சிரித்தார். பெரிய சிஸ்டருக்கு வயிறு எரிந்தது.

முதியோர் வார்டில் அவள் வேலைக்குச் சேர்ந்தபோது அவள் மகன் தவழ்ந்துகொண்டிருந்தான். இப்போது சவரம் செய்துகொள்கிறான். யாருக்கு நரம்பு எங்கே ஓடுகிறது, யார் தலையணைக்கடியில் பிஸ்கட் பதுக்குகிறார்கள், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. தையல்காரரின் உள்ளங்காலில் புண் இருந்ததை அவரே உணரவில்லை, அவள்தான் கண்டுபிடித்தாள். தினமும் கட்டு மாற்றுகிறாள். காலைக் காப்பாற்ற ஒருத்தி, விரலை நீட்ட இன்னொருத்தியா?

போதாக்குறைக்குச் சின்னவள் நல்லவளாகவும் இருந்தாள். "அக்கா, நான் பாத்துக்கவா?" என்று மெதுவாகக் கேட்டாள். மனதாரத் திட்டவும் வழியில்லை.

மேற்பார்வை அம்மா பெரிய சிஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"மதியமும் அவர் மாட்டேன்னா, நாளையிலேர்ந்து இந்த வார்டு சின்னவளுக்கு. நீ துணி ரூமுக்குப் போயிடு. கோவிச்சுக்காதே."

படுக்கை விரிப்புகளை எண்ணி மடிக்கும் வேலை. அங்கே பேச ஆள்கூடக் கிடையாது.

பெரிய சிஸ்டர் திரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். சின்னவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து தன் விரலை நீட்டினாள்.

"முதல்ல நீங்க எனக்குக் குத்துங்க ஐயா."

தையல்காரர் புது ஊசியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். விரல் ஓரத்தில் ஒரே குத்து. சர்க்கரை பார்க்கும் கருவியில் தொண்ணூற்றிரண்டு என்று வந்தது.

"வலிச்சுதா?"

"எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல. ஊசி பிடிச்ச கைன்னா சும்மாவா!"

கிழவர் முகம் மலர்ந்துவிட்டது. அடுத்த ஊசிக்குத் தன் விரலைத் தானே நீட்டினார்.

இவ்வளவுதானா! ஆஸ்பத்திரி விதிப்படி இது தப்பு. புகார் செய்யலாம். செய்தால் பொறாமை என்பார்கள். பொறாமைதான். புகார் செய்வதைவிட அந்த வித்தையைத் திருடிக்கொள்வது மேல் என்று அவளுக்குத் தோன்றியது.

மதியம் சின்னவளை மருந்து வாங்கி வர அனுப்பிவிட்டுத் தையல்காரரின் கட்டிலில் போய் உட்கார்ந்தாள்.

"ஐயா, இப்ப எனக்குக் குத்துங்க பாப்போம்."

"சின்ன சிஸ்டர் சொல்லிக்குடுத்தாங்களா?"

"எனக்கு எதுக்குச் சொல்லிக்குடுக்கணும்?"

குத்தினார். நிஜமாகவே வலிக்கவில்லை. அதுவும் எரிச்சலாக இருந்தது. கருவியில் முந்நூற்றுப் பதினொன்று என்று வந்தது.

"மெஷின் கெட்டுப்போச்சு."

வேறு கருவி எடுத்துவந்து, கையைக் கழுவி, வேறு விரலில் தானே குத்திப் பார்த்தாள். முந்நூற்று எட்டு. சில மாதங்களாகக் குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பதும், அதற்கு வெயிலைத் திட்டுவதும் நினைவுக்கு வந்தன.

"சின்ன சிஸ்டருக்குத் தொண்ணூத்திரண்டுதான் வந்துச்சு," என்றார் தையல்காரர்.

இதிலும் சின்னவள்தான் ஜெயித்தாள். பெரிய சிஸ்டருக்கு முதலில் தோன்றியது அதுதான். பயம் பிறகுதான் வந்தது.

கிழவர் போர்வையை விலக்கி விரலை நீட்டினார்.

"குத்தும்மா."

குத்தினாள். அவருக்கு நூற்றெண்பது.

"என்னைவிட உனக்குத்தான் ஜாஸ்தி. இன்சுலினை யாருக்குப் போடப்போறே?"

"சும்மா இருங்க ஐயா."

"வலிக்கல," என்றார். அவர் கண் ஓரம் சுருங்கியதை அவள் பார்த்துவிட்டாள்.

மறுநாள் காலை அவள் வெறும் வயிற்றோடு வந்து பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தாள். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மேற்பார்வை அம்மா வார்டை மாற்றவில்லை. தையல்காரர் இருவரிடமும் விரல் கொடுத்தார். அதற்குள் வார்டு முழுக்கச் செய்தி பரவியிருந்தது. பிஸ்கட் பதுக்குகிறவர் அவளைக் கூப்பிட்டு, "சாப்பாட்டுல கவனமா இரும்மா," என்று புத்தி சொன்னார். நான்கு மணிக்குச் சின்னவள் எதிரில் உட்கார்ந்து டீயில் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கினாள். பெரிய சிஸ்டர் அந்தக் கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்துபோய் மாலை மருந்துகளை எடுத்து வைத்தாள்.