வெள்ளிக்கிழமையோடு முடிகிறது

புதுக்கோட்டையில் ஒரு நர்சிங் ஹோமில் நான் இன்சூரன்ஸ் கவுண்டரில் இருந்தேன். ஒரு நோயாளிக்கு இன்சூரன்ஸ் கம்பெனி எந்தத் தேதிவரை செலவைக் கொடுக்கும் என்பதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிட வேண்டும். கடைசி நேரத்தில் சொன்னால் சண்டை வரும்.

வல்லத்திராக்கோட்டைப் பெரியவர் ஒருவர் இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து, வாக்கரைப் பிடித்து நடக்கப் பழகிக்கொண்டிருந்தார். இன்சூரன்ஸ் எல்லாம் திருப்பூரில் இருந்த மகனின் ஏற்பாடு. அப்படி ஒன்று இருப்பதே பெரியவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியாது.

"ஐயா, ஒங்களுக்கு வெள்ளிக்கிழமையோட முடியுதுங்க" என்றேன்.

கையிலிருந்த இட்லியைக் கீழே வைத்தார். "டாக்டரு சொன்னாரா?"

"டாக்டரு இல்லீங்க. மேல இருந்து வந்திருச்சு."

அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார். "நீட்டிக்க முடியாதா ஆத்தா?"

"டாக்டரு எழுதிக் குடுத்தா ஒரு வாரம் நீட்டிப்பாங்க."

"ஒரு வாரந்தானா?"

"அதுக்கு மேல கஷ்டங்க. முன்னாடியே சொல்லிட்டா நீங்களும் ஏற்பாடு பண்ணிக்குவீங்கல்ல?"

"நல்லது. யாரு இப்புடி முன்கூட்டிச் சொல்றா!" என்று என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். எவ்வளவு பக்குவமான மனிதர் என்று நான் நெகிழ்ந்துபோனேன்.

வெள்ளிக்கிழமை காலையில் ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்கள் வந்து இறங்கினார்கள். அவருடைய தங்கை மாடிப்படியிலேயே ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டார். வரப்புத் தகராறில் பல வருஷமாகப் பேசாத தம்பி கட்டிலருகே தேம்பிக்கொண்டிருந்தார். "வரப்புல நிக்கிற வேப்பமரத்த நீயே வச்சுக்கடா" என்று பெரியவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

தம்பி என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "எத்தனை மணிக்குங்க?" என்றார்.

"பன்னெண்டு மணிக்குங்க. அதுக்குள்ள ரூமக் காலி பண்ணிட்டா நல்லது."

தங்கை தரையில் சரிந்தார்.

சத்தம் கேட்டு டாக்டர் ஓடிவந்து பெரியவரின் நாடியைப் பிடித்துப் பார்த்தார். "ஒங்களுக்கு என்னங்க? கல்லு மாதிரி இருக்கீங்க."

"அப்ப இந்தப் புள்ள சொன்னது?" என்றார் பெரியவர்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "இன்சூரன்ஸுங்க" என்றேன். மகன் போட்டுவைத்ததில் கம்பெனி பணம் கொடுப்பது அன்றோடு முடிகிறது என்று விளக்கினேன்.

விஷயம் புரிந்ததும் அறையே சிரித்தது. பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, "அப்ப மரத்தப் பத்திச் சொன்னது செல்லாது" என்றார்.

"சொன்னது சொன்னதுதாண்ணே!"

டாக்டர் எழுதிக் கொடுத்து ஒரு வாரம் நீட்டிப்பு வாங்கினோம். அந்த வாரம் முழுக்க, தம்பி தினமும் மீன் குழம்போடு வந்து மரத்துக்காகச் சண்டை போட்டார். முடிவு ஏற்படவில்லை. பெரியவர் வீட்டுக்குக் கிளம்பியபோது, வாக்கருக்குப் பின்னால் பைகளைத் தூக்கிக்கொண்டு தம்பி பேசிக்கொண்டே போனார்.