அலங்காரச் செதில்

அண்ணன் இறந்துபோய் ஒன்றரை மாதம் ஆகிறது. வனத்துறை அலுவலகத்தில் முப்பது வருடம் தட்டச்சராக இருந்தவர். அடுத்தவர் எழுத்தில் பிழை கண்டால் அவருக்குச் சோறு இறங்காது. சித்தப்பா வீட்டுக் கல்யாணப் பத்திரிகையைத் திருத்தித் திருப்பி அனுப்பினார். சித்தப்பா பேச்சை நிறுத்திவிட்டார். "நல்லதாப் போச்சு, அவர் பேச்சுலயும் பிழைதான்" என்றார் அண்ணன்.

நான் சொல்ல வருவது விலங்குக் கடத்தல் சட்டம் கடுமையான வருடம் நடந்தது. அதுவரை அபராதம் கட்டிவிட்டு மறுநாளே கடை திறந்தவர்களுக்கு இனி ஏழு வருடம் சிறை. அந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்ட ஒரு வியாபாரி, எறும்புத்தின்னிச் செதில்களோடு பிடிபட்டான். பிடித்த வனக்காவலர் எறும்புத்தின்னியை அலங்கு என்றுதான் சொல்வார். 'அலங்கு செதில், மூன்று மூட்டை' என்று எழுதிக் கொடுத்தார். அண்ணனுக்கு அந்தச் சொல் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது. பாவம், அதிகம் படிக்காதவர் என்று இரக்கப்பட்டு, சிவப்பு மையால் திருத்தி, 'அலங்காரச் செதில்' என்று தட்டி அனுப்பிவிட்டார்.

வியாபாரியின் வக்கீல் விடுவாரா? எறும்புத்தின்னிச் செதில் என்று ஆய்வகம் சான்று கொடுத்தது வேறு மூட்டை, என் கட்சிக்காரரிடம் எடுத்தது வெறும் அலங்காரப் பொருள், வழக்கைத் தள்ளுங்கள் என்று மனுப் போட்டார்.

காவலர் வீட்டுக்கே வந்துவிட்டார். "ரெண்டு வருஷம் அலைஞ்சு புடிச்சேங்கய்யா. ஒத்த வார்த்தையில அவுத்து விட்டுட்டீங்களே."

அண்ணன் அகராதியை எடுத்தார். அலங்கு இருந்தது. இரண்டு நாள் அலுவலகத்தில் பழைய கோப்புகளைக் கிளறினார்.

மூன்றாம் நாள் சாட்சிக் கூண்டில் ஏறி, காவலரின் கையெழுத்துத் தாளை நீட்டினார். அலங்கைச் சிவப்பில் அடித்து, ஓரத்தில் தேதியும் தன் கையொப்பமும் போட்டிருந்தார்.

"அப்போ தப்பு யாருது?" என்றார் நீதிபதி.

"என்னுது." தாளில் இருந்த தன் கையொப்பத்தைத் தொட்டுக் காட்டினார். "என்னுதுதாங்க."

வக்கீல் துள்ளி எழுந்தார். "வேற எதையெல்லாம் திருத்தினீங்க?"

"உங்க மனுவத் தொடல சார். கை துறுதுறுங்குது, பன்னெண்டு பிழை இருக்கு."

நீதிபதி குனிந்து கண்ணாடியைத் துடைத்தார். மனு தள்ளுபடி. வழக்கு நடந்து, ஆறே மாதத்தில் வியாபாரி உள்ளே போனான்.

சாட்சி சொன்ன அன்று அண்ணன் காவலரையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். "நான் பண்ணது தப்புன்னு கோர்ட்ல ஒத்துக்கிட்டேன்" என்றார்.

அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "கூண்டுல ஏத்தினாத்தான் ஒத்துக்குவீங்கன்னு தெரிஞ்சிருந்தா, கல்யாணமான வருஷமே கேஸ் போட்டிருப்பேனே!"

சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் காவலர் குடிக்கத் தண்ணீர் கேட்டார்.