இரண்டு மா ஐந்து குழிக்கு இருபத்தைந்து கிலோ விதையா?

இந்தப் பயணத்துக்கு எனக்கு ஆசையே இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயது ஐம்பத்தாறு, வலது முழங்காலில் ஓயாத வலி. கோயம்புத்தூரில் ஒரு மில்லில் இருபத்தெட்டு வருஷம் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துவிட்டு, போதும்டா சாமி என்று ஓய்வு வாங்கியவன். இந்த வலைப்பூவில் அணை, அருவி, சாப்பாட்டுக் கடை என்று எழுதிக்கொண்டிருந்தவனுக்கு, மன்னார்குடி பக்கத்து நடுநிலைப் பள்ளியிலிருந்து தமிழரசி என்ற கணக்கு டீச்சர் மெயில் அனுப்பினார்.

விஷயம் இதுதான். யாரோ கொடுத்த ஆறு பழைய கம்ப்யூட்டர்கள் அவர் பள்ளியில் இருக்கின்றன. கம்ப்யூட்டருக்கென்று தனி பீரியட் கிடையாது. அதனால் வாரத்தில் இரண்டு நாள் ஏழாம் வகுப்புக் கணக்குப் பாடத்தையே கம்ப்யூட்டரில் நடத்துகிறார். கணக்கும் வரும், கம்ப்யூட்டரும் வரும் என்பது அவர் எண்ணம். ஆனால் காலாண்டுப் பரீட்சையில் கயல்விழி என்ற பெண் பதினொரு மார்க் எடுக்க, அவள் அப்பா செல்வராசு டிசி கேட்டுவிட்டார். "ஒரு டிசி போனாலும் அந்த ரூமைப் பூட்டிடுவேன்" என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டாராம். வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். "வெளியாள் ஒருத்தர் வந்து சொன்னா கொஞ்சம் காது கொடுப்பாங்க சார்" என்று முடித்திருந்தார். பாவமாக இருந்தது. வருகிறேன் என்று எழுதிவிட்டேன்.

அக்டோபர் மாதம், ஒரு புதன்கிழமை. காலை 7.15 ரயிலில் கிளம்பி மதியத்துக்குள் தஞ்சாவூர். இருக்கைக் கட்டணம் 185 ரூபாய். அங்கிருந்து மன்னார்குடிக்குப் பஸ்: 38 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், 36 ரூபாய். வழியெல்லாம் சம்பா நடவு. நாற்றுக் கட்டுகளோடு ஒரு கூட்டம் ஏறி இறங்கியதில் என் பை முழுக்கச் சேறு. ஜன்னலோரம் பச்சை அழகாகத்தான் இருந்தது, ரசிக்கத்தான் தெம்பு இல்லை. மன்னார்குடியில் 700 ரூபாய்க்கு ஓர் அறை. மெத்தை நடுவில் குழி. மறுநாள் எழுந்தபோது முழங்காலோடு இடுப்பும் சேர்ந்துகொண்டது.

வியாழன் காலை டவுன் பஸ், 11 கிலோமீட்டர், 12 ரூபாய். இறங்கிய இடத்திலிருந்து பள்ளிக்கு ஆட்டோ, 80 ரூபாய். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"பள்ளிக்கூடத்துல கம்ப்யூட்டர் ரிப்பேரா சார்?"

"இல்லப்பா. கணக்குப் பாடம்."

"அதாங்க எங்களுக்குப் புரியல. எங்க அக்கா பொண்ணு அங்கதான் படிக்குது. கணக்கு டீச்சர் கணக்கே போடறதில்லையாம், பட்டனைத் தட்டச் சொல்றாங்களாம். நாளைக்குக் கூட்டத்துல இருக்கு பாருங்க கச்சேரி!"

வந்த வேலை என்ன என்பது எனக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது.

தமிழரசி டீச்சருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பேராவூரணிக்காரர், தென்னந்தோப்பு வீட்டுப் பெண், வயல் கணக்குப் பழக்கமில்லாதவர். வேகமாகப் பேசுவார், அதைவிட வேகமாக நடப்பார். இருபத்தெட்டுப் பிள்ளைகள், ஆறு கம்ப்யூட்டர். அன்றைய பாடம் தசம எண்கள். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டு வயலின் அளவைக் கேட்டு வர வேண்டும். சொந்த வயல் இல்லாதவர்கள் அப்பா அம்மா வேலை பார்க்கும் வயலின் அளவைக் கேட்டு வரலாம். இங்கே நிலத்தை மா, குழி என்றுதான் சொல்கிறார்கள். மூன்று மா சேர்ந்தால் ஏறக்குறைய ஓர் ஏக்கர். ஒரு மாவுக்குப் பத்து கிலோ விதை என்று வைத்துக்கொண்டு, யார் வயலுக்கு எவ்வளவு விதை வேண்டும் என்று கம்ப்யூட்டரில், கட்டம் போட்ட ஷீட்டில் போட வேண்டும். பாடம் நல்ல பாடம். ஏக்கர், செண்ட் என்று நான் தயாரித்துக்கொண்டு போனதைப் பையிலேயே வைத்துவிட்டேன்.

கரண்ட் இரண்டு முறை போய் வந்தது. ஒரு கீபோர்டில் ஐந்தை அழுத்தினால் இரண்டு ஐந்து விழுந்தது. டீச்சர் அதைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தபோதுதான் கயல்விழி என் சட்டைக் கையைத் தொட்டாள். ஒல்லியான பெண், குரல் வெளியே வராது. அவர்கள் வயல் இரண்டு மா ஐந்து குழி. 2.5 என்று போட்டிருந்தாள். பக்கத்துக் கட்டத்தில் 25 என்று வந்திருந்தது.

"சார், எங்கப்பா இவ்வளவு விதைக்க மாட்டாருங்க."

நான் எட்டிப் பார்த்தேன். பெருக்கல் சரி. காலையிலிருந்து நின்ற கால் கடுத்தது. "ஃபார்முலா சரியாத்தானம்மா இருக்கு. கம்ப்யூட்டர் தப்பாப் போடாது" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். நாலு மணிக்கு எல்லாருடைய விடையையும் பெரிய சார்ட்டில் எழுதி, கூட்டத்துக்காகச் சுவரில் ஒட்டினோம். டீச்சர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். "நாளைக்குத் தப்பிச்சுடுவோம் சார்" என்றார்.

வெள்ளி காலை பத்தரைக்குக் கூட்டம். பெற்றோர் இருபது பேர் வந்திருந்தார்கள், பிள்ளைகள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் காலில் வயல் சேறு காய்ந்திருந்தது. செல்வராசு யார் என்று யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை. நேராகச் சார்ட்டுக்குப் போனவர், விரலை வைத்து மகளின் வரியைப் படித்தார்.

"இருவத்தஞ்சு கிலோவா? யாரு நிலத்துக்குங்க இது? போன மாசம் நான் நாத்து விட்டதே இருவது கிலோதான். அதுலயே நாத்து மிச்சமாகும்."

சிரிப்பு எழுந்தது. பின்னாலிருந்து இன்னொருவர், "எங்களுதும் கூடத்தாண்ணே காட்டுது!" என்றார்.

"அதத்தான் நான் சொல்றேன். கணக்கு வரலன்னுதான் டிசி கேட்டேன். இப்பக் கம்ப்யூட்டருக்கே கணக்கு வரல!"

தலைமையாசிரியர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். தமிழரசி டீச்சரின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. கயல்விழி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், பையை எடுத்துக்கொண்டு நழுவிவிடலாமா என்று தோன்றியது. ஆனால் அந்தப் பெண்ணைப் பார்த்த பிறகு கால் நகரவில்லை. எழுந்து நின்றேன்.

"ஒரு மாவுக்கு எத்தனை குழிங்க?"

"நூறு!" அறையே ஒரே குரலில் சொன்னது. இதுகூடத் தெரியாமலா வந்தாய் என்பதும் அதிலேயே இருந்தது. தெரியாமல்தான் வந்தேன். இரண்டு நாளில் நான் கேட்கவே இல்லை.

"அப்படின்னா தப்பு என்னுது. இந்தப் பொண்ணு நேத்தே சொன்னா, எங்கப்பா இவ்வளவு விதைக்க மாட்டாருன்னு. கம்ப்யூட்டர் தப்பாப் போடாதுன்னு நான்தான் அடக்கி வச்சேன்."

செல்வராசு மகள் பக்கம் திரும்பினார். டீச்சர் அதற்குள் ஒரு கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டார். "வா கயலு. நூத்துல அஞ்சு. தசமத்துல எப்படி எழுதுவ?"

அவள் உட்கார்ந்தாள். 2.5-ஐ அழித்தாள். விரல்களை மடக்கி ஏதோ எண்ணினாள். யாரோ இருமினார்கள். கரண்ட் மட்டும் போய்விடக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டேன். 2.05 என்று தட்டினாள். பக்கத்தில் 20.5 வந்தது.

செல்வராசு குனிந்து பார்த்தார். "அந்த அரைக் கிலோ யாருக்கு?"

"குருவிக்குப்பா."

எல்லோரும் சிரித்தார்கள், அவரைத் தவிர. குழி ஒற்றை இலக்கத்தில் இருந்த இன்னும் ஐந்து பிள்ளைகளும் இதே தப்பைத்தான் செய்திருந்தார்கள். இருபது, ஐம்பது என்று வந்தவர்களுக்கெல்லாம் விடை சரியாக விழுந்ததால் எங்கள் கண்ணில் படவில்லை. அந்த ஐந்து பேரும் முண்டியடித்துக்கொண்டு திருத்த ஓடினார்கள்.

"இது பரீட்சையில வருமா டீச்சர்?" என்று கேட்டார் செல்வராசு.

"இதேதாங்க வரும். இந்தப் பூஜ்யத்துலதான் அவளுக்கு மார்க்கே போச்சு."

தலைமையாசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அரையாண்டுப் பரீட்சை வரைக்கும் நடக்கட்டும், ஆனால் டிசி விஷயத்தில் சொன்னது சொன்னதுதான் என்றார். செல்வராசு சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

திரும்பும்போது அவரே மொபெட்டில் பஸ் நிறுத்தம் வரை கொண்டு விட்டார். வாய்க்கால் கரையோரம் பாதி தூரம் போனதும் கேட்டார்.

"நேத்தே சொல்லுச்சா சார், இவ்வளவு வராதுன்னு?"

"சொன்னா."

"பதினோரு மார்க்கு எடுத்த பொண்ணு?"

"அவதாங்க."

நிறுத்தத்தில் இறக்கிவிட்டுச் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். "டிசிக்கு எழுதின லெட்டரு இதுலதான் சார் இருக்கு. நடவு முடியட்டும், பாப்போம்."

இப்படி ஏதாவது ஒரு பள்ளிக்குப் போக நினைப்பவர்களுக்கு: ஆளுக்குப் போக்குவரத்தும் அறையும் சேர்த்து 2,200 ரூபாய்க்குள் முடியும். டவுன் பஸ் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒன்றுதான், நம்பி உட்காராதீர்கள். எக்ஸ்டென்ஷன் போர்டு கையோடு கொண்டு போங்கள், ஐந்து மீட்டராவது வேண்டும். கீபோர்டு ஒன்று உபரியாக. பாடத்தை ஊரிலிருந்து கட்டிக்கொண்டு போகாமல் அங்கே போய் நிலத்துக்கு, பாலுக்கு, நெல்லுக்கு என்ன அளவு வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். எல்லாவற்றையும் விட, ஒரு பிள்ளை வந்து "இவ்வளவு வராதே சார்" என்றால், கால் வலித்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து ஏன் என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. அதற்காக ஒரு டீச்சர் ஊர் முன்னால் நிற்க வேண்டி வந்தது. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

நேற்று தமிழரசி டீச்சர் போன் செய்தார். நடவு முடிந்துவிட்டதாம். செல்வராசு பள்ளிக்கு வந்தாராம்.

"டிசிக்கா டீச்சர்?"

"இல்ல சார். வயலை மறுபடியும் அளந்து பாத்தாராம். ரெண்டு மா ஆறு குழியாம். சுவத்துல தப்பா ஒட்டியிருக்கு, மாத்துங்கன்னு நின்னாரு. கயலு உக்காந்து மாத்திட்டா."

2.06 என்று போட்டாளாம். சரியா என்று யாரையும் கேட்கவில்லையாம்.