வெறும் இரத்தத்தில் ஒரு மேடு

பாக்கெட்டில் தேதி போட்டிருந்தாலும் மோந்து பார்க்காமல் புனிதவதி பால் காய்ச்சுவதில்லை. பத்தாங் காலியிலிருந்து செரண்டாவுக்கு மோட்டாரில் வேலைக்கு வருபவர், வண்டியைப் பூட்டிவிட்டுப் பத்தடி போன பிறகு திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். அவருடைய அப்பா, தோட்டத்தில் ரப்பர் பால் நிறுக்கும் தராசை ஒருநாளும் நம்பாதவர். மகளுக்கும் அது ஒட்டிக்கொண்டது. ஆய்வுக்கூடத்தில் அவருக்கு ‘மாத்தா அக்கா’ என்று பெயர். இங்கே மாத்தா என்றால் போலீஸ்.

அந்த ஆய்வுக்கூடத்துக்கு மருத்துவமனைகளிலிருந்து இரத்தம் வரும். அறுவைக்கு முன் உடம்பை மரத்துப்போக வைக்கும் லிக்னோகெய்ன், இரத்தத்தில் அளவு மீறினால் வலிப்பு வரும், இதயம் தடுமாறும். அந்த அளவைப் பார்ப்பது புனிதவதியின் வேலை. இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த சாற்றை ஒரு மெல்லிய எஃகுக் குழாய்க்குள் செலுத்துவார். பின்னாலேயே ஒரு திரவம் அதைத் தள்ளிக்கொண்டு போகும். ஒவ்வொரு பொருளும் தனக்குரிய நேரத்தில் வெளியேறும். திரையில் ஓடும் கோடு அந்த இடத்தில் மேடாக எழும்.

இத்தனை காலமும் தள்ளிய திரவம் அசிட்டோநைட்ரைல். நச்சு. கழிவு டிரம்களை எடுத்துப்போக லோரி வரும் நாளில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். புனிதவதிக்கு அந்த டிரம்கள் எங்கே போகின்றன என்பதிலும் சந்தேகம். அதனால்தான் சாராயத்தில் இருக்கும் எத்தனாலும் தண்ணீரும் கலந்து அதே வேலையைச் செய்யும் முறையை அவர் மாதக்கணக்கில் முயன்று உருவாக்கினார்.

“சம்சு மெஷின் ஓடுதா, அக்கா? மிச்சம் இருந்தா சொல்லுங்க லா,” என்பாள் இரத்தம் எடுக்கும் மோகனா. சம்சு என்றால் இங்கே மலிவுச் சாராயம்.

மருத்துவமனை ஆட்கள் புதிய முறையைப் பார்க்க வரவிருந்த திங்கட்கிழமை காலை, அது காலை வாரிவிட்டது.

முதல் சோதனையே மருந்து கலக்காத வெறும் இரத்தத்தில்தான். ஊழியர்களில் யாராவது விருப்பப்பட்டுக் கொடுப்பார்கள். அந்த இரத்தம் அடைத்த குழாயில் பெயர் இருக்காது, எண் மட்டும். கோடு தட்டையாக ஓட வேண்டும். ஓடவில்லை. லிக்னோகெய்ன் வரும் அதே இடத்தில் ஒரு மேடு.

நிர்வாகி கணேஸ்வரன் திரையை எட்டிப் பார்த்தார். “மருந்தே இல்லாத இரத்தத்துல மருந்து காட்டுதா? இதை நம்பி எப்படிமா ஆஸ்பத்திரிக்கு ரிசல்ட் கொடுக்கிறது? மத்தியானத்துக்குள்ள சரியாகலைன்னா பழையபடி அசிட்டோநைட்ரைல்தான். இந்த முறையை மறந்துடு.”

புனிதவதி சந்தேகப்பட ஆரம்பித்தார். முதலில் திரவத்தை. அதை மட்டும் செலுத்தினார்: தட்டை. பிறகு சீசாவை, வடிகட்டியை: தட்டை. கடைசியில் அதே இரத்தத்தைப் பக்கத்து இயந்திரத்தில் பழைய முறையில் ஓட்டினார். அங்கும் மேடு. அப்படியென்றால் மருந்து அந்த இரத்தத்திலேயே இருந்தது.

இனிச் சந்தேகப்பட மனிதர்கள்தான் பாக்கி. அன்று முழங்கையில் பஞ்சு ஒட்டியிருந்தவர் கிடங்குப் பொறுப்பாளர் குமரவேல் ஒருவர்தான்.

கிடங்கில் டிரம்களுக்கு நடுவே அவரைப் பிடித்தார். “தம்பி, உடம்புல ஏதாச்சும் மருந்து ஏத்தினியா?”

“இல்லையேக்கா.”

“பல்லு புடுங்கினியா?”

“ஆமா! பல்லு. மறந்தே போச்சு.”

“எங்க, வாயைத் தொற.”

குமரவேல் திறக்கவில்லை. கன்னத்தில் திருநீறு அப்பியிருந்தது. முந்தின நாள்தான் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் இரண்டு கன்னத்தையும் துளைத்து வேல் குத்தி, காவடி எடுத்தவர். முகம் சுளிக்காமல் நின்றார் என்று கூட்டமே பேசியது. கோயில் தலைவர் என்ற முறையில் மாலை போட்டவர் கணேஸ்வரன்.

“மரத்துப் போற கிரீமா?” என்றார் புனிதவதி, குரலைத் தாழ்த்தி.

“இன்னைக்குக் காலையிலதான்க்கா. புண்ணு எரிஞ்சிச்சு. கன்னத்துக்கு உள்ளயும் வெளியவும் தடவினேன்.”

“இன்னைக்கு மட்டுந்தானா?”

குமரவேல் டிரம்மின் மூடியைத் திருகினார். அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது. “அம்மாவுக்கு வேண்டுதல்க்கா அது. பாஸ்கிட்ட சொல்லிடாதீங்க. கோயில்ல தலை காட்ட முடியாது.”

புனிதவதி திரும்பி நடந்தார். மோகனாவிடம் போய்க் கையை நீட்டினார். அவருடைய இரத்தம் புதிய முறையில் ஓடியது. கோடு தட்டை.

கணேஸ்வரன் அதைப் பார்த்ததும் நிம்மதியடைவார் என்று புனிதவதி நினைத்திருந்தார். கணேஸ்வரனின் நெற்றி இன்னும் சுருங்கியது. “அப்போ மெஷின் சரி. முதல் இரத்தம் யாரோடது?”

“எண்தான் இருக்கு, பாஸ். பேர் கேட்டா, அப்புறம் யாரும் கை நீட்ட மாட்டாங்க.”

“இங்க வேலை செய்யிற ஆளு இரத்தத்துல லிக்னோகெய்ன். நம்ம மருந்து பீரோ சாவி யார்கிட்ட இருக்கு?”

சாவி புனிதவதியின் கழுத்துப் பட்டையில் தொங்கியது. மோகனாகூடப் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். ஊரையே சந்தேகப்பட்டுப் பழகியவருக்கு, தன்மேல் அது திரும்பியபோது கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஆனாலும் குமரவேலின் பேரைச் சொல்லவில்லை.

“என்னோடது, பாஸ்,” என்றார் வாசலில் நின்ற குமரவேல். “பீரோ மருந்து இல்ல. கடையில வாங்கின கிரீம். கன்னத்துப் புண்ணுக்கு.”

கணேஸ்வரன் அவருடைய கன்னத்தையே பார்த்தார். “எப்ப தடவின?”

“காலையில.”

“இன்னைக்கா?”

“இன்னைக்கு.”

கணேஸ்வரன் புனிதவதியின் பக்கம் திரும்பினார். “முந்தின நாள் தடவியிருந்தா இதுல தெரியுமா?”

“தெரியாது, பாஸ். அது இரத்தத்தை விட்டுப் போயிருக்கும்.”

உண்மையைத்தான் சொன்னார். கணேஸ்வரன் எதையோ கேட்க வாயெடுத்தார். கேட்கவில்லை. “மத்தியானம் ஆஸ்பத்திரி ஆளுங்களுக்கு எத்தனால்லயே காட்டு,” என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

குமரவேல் அருகில் வந்தார். “அக்கா, நீங்க என்னை நம்புறீங்கதானே?”

“இரத்தம் கொடுக்கிற அன்னைக்கு மூஞ்சில எதையும் தடவாத. போ, டிரம் எல்லாம் நடுவழியில கிடக்குது.”

அவர் போன பிறகு புனிதவதி எத்தனால் சீசாவின் மூடியைத் திறந்தார். ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு இயந்திரத்தில் மாட்டினார்.