ஏழு கட்டுமரங்கள்

கதை சொன்னால் கணக்கு தானாக வந்துவிடும் என்று நம்பினேன். நாகர்கோவிலில் படித்துவிட்டு வந்த வேகம்! அக்கா மகள் ரோசம்மாளுக்கு வீட்டில் நான்தான் வாத்தியார். பரீட்சையில் தேறினால்தான் பள்ளியில் மூன்றாம் வகுப்பு கிடைக்கும்.

கதைப்புத்தகத்தை வாசித்தேன். "பத்துக் கட்டுமரங்கள் கடலுக்குப் போயின. மூன்று கட்டுமரங்கள் புயலில் சிக்கிக்கொண்டன. மக்கா, மிச்சம் எத்தனை கரைக்கு வரும்?"

"ஒண்ணும் வராது சித்தி. எல்லாரும் அந்த மூணையும் தேடுவாவல்லா?"

"ஏட்டி, கழிச்சுப் பாரு!"

கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்த அத்தான் நிமிர்ந்தார். "பிள்ள சொல்லுகது சரிதான். விட்டுட்டா வருவோம்?"

எனக்குக் குழம்பிவிட்டது.

"ஏழுன்னு எழுதினாத்தான் பள்ளிக்கூடத்துல சேப்பாவளா?" என்றாள் ரோசம்மாள்.

"ஆமா."

சிலேட்டில் எழுதினாள். பரீட்சையிலும் தேறினாள்.

இப்போது எந்தக் கதையைத் தொடங்கினாலும், "எதுல இருந்து எத கழிக்கணும், சித்தி?" என்கிறாள். அப்படிக் கேட்கப் பழக்கியது நான்தான். கதைப்புத்தகத்தை மூடி வைத்துவிடுகிறேன்.