ஏறிய எண்

சினைப்பைப் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கீமோவும் முடிந்த பிறகு, என் பிழைப்பு ஒரே ஒரு எண்ணில் வந்து நின்றது. சி.ஏ. 125 என்று ஒரு ரத்தப் பரிசோதனை. எண் இறங்கினால் நிம்மதி. ஏறினால் நோய் திரும்புகிறதோ என்று சந்தேகம். மைசூரில் ஒண்டிக்கட்டை நான். அங்கேயே ஹெப்பாளில் ஒரு கம்பெனி கேன்டீனில் மேற்பார்வை வேலை. ரிசல்ட் வரும் நாளில் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி "திண்டி ஆய்த்தா?" என்று விசாரித்தாலே எரிந்து விழுவேன். டிபனா இப்போது முக்கியம்!

அந்தத் தடவை எண் ஏறியிருந்தது. டாக்டரம்மா எப்போதும் கன்னடத்தில்தான் பேசுவார். அன்று எனக்காகத் தட்டுத் தடுமாறித் தமிழில் ஆரம்பித்தார். அதிலேயே விஷயம் சரியில்லை என்று தெரிந்துவிட்டது.

"இது ஒண்ணு பாத்து ஏனும் சொல்ல ஆகல்லம்மா. ஸ்கேன் மாடோணா, எடுத்துப் பாக்கலாம்."

"எத்தனை நாள் இருப்பேன்? அதச் சொல்லுங்க மேடம்."

"அது இந்த நம்பர்ல தெரியாதும்மா."

ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அதைச் சொல்லாத எண்ணுக்கு எதற்கு என் கையில் இத்தனை ஊசி?

வீட்டுக்கு வந்தால் சுவரைத் தவிரப் பேச ஆளில்லை. யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. மார்டள்ளி கிராமத்தில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டேன். அதுவரை அவளிடம் "நல்லாத்தான் இருக்கேன்" என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

"அக்கா, ரத்த டெஸ்ட்ல நம்பர் ஏறிருச்சு."

"ஏறிருச்சா! அட என் மாதாவே, கண்ணத் தொறந்துட்டியா! ரத்தம் ஊறிட்டா ஒடம்பு தேறிரும் கண்ணு."

அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பிள்ளைத்தாச்சிக்கு ரத்தம் பத்தாது என்று நர்சம்மா திட்டுவதுதான். இல்லைக்கா என்று வாயெடுப்பதற்குள் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, "எந்தங்கச்சி பொழச்சிக்கிட்டா!" என்று கத்தினாள். அப்புறம் அழுதாள். அந்த அழுகைக்கு நடுவில் நான் எதைச் சொல்ல? போனை வைத்துவிட்டேன். அன்றைக்குப் போல் நான் தனியாக இருந்ததே இல்லை.

ஸ்கேனில் கட்டி தெரிந்தது. திங்கட்கிழமை மறுபடியும் கீமோ என்றார்கள். அதற்கு முந்தின சனிக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் அக்கா வந்து நின்றாள். ஒரு கையில் முருங்கைக்கீரைக் கட்டு. உள்ளே வந்ததும் முக்காட்டை விலக்கினாள். மொட்டை. சந்தனம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

"நம்பர் ஏறுனா முடி குடுக்கறேன்னு வேண்டுனீங்களா?"

"நீ பொழச்சா மாதாவுக்குக் குடுக்கறேன்னு வேண்டுனேன். நீதான் சொல்லிட்டியே, ஏறிருச்சுன்னு." கீமோவில் கொட்டிப்போய் இப்போதுதான் கிராப் போல வளர்ந்திருந்த என் முடியைத் தடவினாள். "இனி இதுல ஒரு முடி கொட்டாது பாரு."

அவளை உட்காரச் சொன்னேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, திங்கக்கெழம..." என்று ஆரம்பித்தேன்.